பவளக்காரத் தெருவிலிருந்து லாயிட்ஸ் சாலைக்கு

பாட்டியின் பவள மாலை போன மாதம் அறுந்துபோனது. மறுபடி கோர்ப்பதற்காகச் சென்னை என்.எஸ்.சி. போஸ் சாலையில் மணி கோர்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பின் மேல் மயிரிழைக் கோடுகள் நெடுக ஓடின. “நல்ல இத்தாலிப் பவளம், அம்மா. மூன்று மணிக்கு வாருங்கள்” என்றார்.

கையில் இருந்த நேரத்துக்கு மண்ணடிப் பக்கம் நடந்தேன். அங்கேதான் பவளக்காரத் தெரு இருக்கிறது. தள்ளுவண்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் இடையே ஒதுங்கி ஒதுங்கி நடந்ததில் ஒரு பவளக் கடைகூடக் கண்ணில் படவில்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

அந்தப் பவளக்காரர்களில் முக்கியமானவர்கள் யூதர்கள். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் யூத வணிகர்கள் குடியேற 1593-இல் மெடிச்சி குடும்பத்து ஆட்சியாளர் உரிமை கொடுத்தார். மத்தியதரைக் கடலில் எடுத்த பவளம் அங்கே மணியாகி, லண்டன் வழியாகக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் மதராஸ் வந்து இறங்கியது. விற்ற பணம் கோல்கொண்டா வைரமாகி லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போனது. போட்ட முதல் கைக்குத் திரும்ப வருடக்கணக்கில் ஆகும். அதுவரை சரக்கை நம்பி ஒப்படைக்கப் பெரும்பாலும் அண்ணன் தம்பி, மாமன் மச்சான்தான்.

பார்த்தலோமியு ரோட்ரிகஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, அல்வாரோ ட ஃபொன்சேகா என்று போர்த்துகீசியப் பெயர்கள் அவர்களுக்கு. 1497-இல் போர்ச்சுகல் தன் யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியது. அப்படியும் விடவில்லை. ரகசியமாகப் பழைய வழிபாட்டைத் தொடர்ந்தவர்களை விசாரித்துத் தண்டிக்க 1560-இல் கோவாவிலும் மத விசாரணை மன்றம் வைத்தார்கள். அதே இந்தியாவில், 1688-இல் அமைந்த மதராஸ் மாநகராட்சியில் இந்த மூவரும் ஆல்டர்மேன்களாக, அதாவது மூத்த மன்ற உறுப்பினர்களாக, உட்கார்ந்தார்கள். கம்பெனி இதைக் கருணையால் செய்யவில்லை, அதற்கு வைரம் வேண்டியிருந்தது. ஆனாலும் ஒளிந்து கும்பிட்டவர்களின் வாரிசுகளுக்கு அந்த நாற்காலி சின்ன விஷயம் இல்லை என்றே நினைக்கிறேன்.

அங்கிருந்து தங்கசாலைத் தெரு. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஜாக் டி பைவா, பெத்தநாயக்கன்பேட்டையாக இருந்த இந்தப் பகுதியில்தான் தம் மக்களுக்கு இடுகாடு அமைத்தார். வைரச் சுரங்கங்களுக்குப் போன இடத்தில் நோய்வாய்ப்பட்டுத் திரும்பி, 1687-இல் இறந்து, அதே மண்ணில் அடங்கினார். இன்று அங்கே இடுகாடு இல்லை. நகரம் நெருக்க நெருக்கக் கல்லறைக் கற்கள் இடம்மாறி, கடைசியில் லாயிட்ஸ் சாலைக்குப் போய்விட்டன.

ஆட்டோ பிடித்து அங்கேயும் போனேன். காவலாளி கதவைத் திறந்துவிட்டார். ஒரு கல்லின் எபிரேய எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தேன். ஓரங்கள் மழுங்கி, பள்ளங்களில் மண் ஏறியிருந்தது. எபிரேயத்தில் இடுகாட்டை ‘பேத் ஹயீம்’ என்பார்கள், உயிருள்ளோரின் வீடு என்று பொருள். புதைத்தவரை அந்த இடத்தை விட்டு எழுப்பக் கூடாது என்பது யூதர் வழக்கம். ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர்களின் கல்லறைக் கற்களுக்குக்கூட நம் ஊர் நிலையாக ஓரிடம் கொடுக்கவில்லையே என்று அங்கே நின்றபோது உண்மையிலேயே வலித்தது.

திரும்பும்போது நாலு மணி ஆகிவிட்டது. பெரியவர் மாலையை முடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் பட்டு நூலில் சின்ன முடிச்சு.

“இனி அறுந்தாலும் ஒரு மணிதான் விழும், அம்மா” என்று சொல்லி, தாளில் மடித்துக் கொடுத்தார்.