பூவைத் தேடும் வண்டு எதை நம்புகிறது?

வண்டு என்றதும், தேனுண்டு முரலும் உயிர்தான் நம் பாட்டுகளின் வழியே மனத்தில் வந்து நிற்கிறது. நான் இங்கே எழுதுவது அதைப் பற்றியன்று; தடித்த முன்சிறகுகளைக் கவசமாகப் போர்த்திக்கொண்டு, இதழையும் மகரந்தத்தையும் கடித்தே தின்னும் வண்டுகளைப் பற்றி. அவை பூவைக் கண்டடைவது மணத்தால்தான் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அது பாதி உண்மை.

தொலைவிலிருந்து இழுப்பது பெரும்பாலும் மணமே. இலையையும் பூவையும் தின்று செடிகளை அழிக்கும் ஜப்பான் வண்டைப் பிடிக்கும் பொறிகளில், ரோஜா மணமுள்ள ஜெரானியாலும், கிராம்பு எண்ணெயின் முதன்மைப் பொருளான யூஜெனாலும், பீனெத்தைல் புரோப்பியனேட் என்னும் மணப்பொருளும் கலந்து வைக்கப்படுகின்றன. அந்த வண்டு கடித்த இலைகளிலிருந்து எழும் வாசம் மேலும் பல வண்டுகளை அழைத்து வருகிறது. ஆகவே, ஒரு செடி மொட்டையாகிப் பக்கத்துச் செடி தப்பியிருப்பதைக் கண்டு, அதை வண்டின் ருசியறிவு என்று மட்டும் கொள்வது சரியாகாது. முதலில் வந்த வண்டு எங்கே அமர்ந்தது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

நிறத்தை மட்டுமே நம்பி வருபவையும் உண்டு. கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியில் அனிமோன், பாப்பி, துலிப் ஆகியவற்றின் கிண்ண வடிவச் சிவப்புப் பூக்களை நாடும் ஒரு வண்டினம், மணமற்ற சிவப்பு நெகிழிக் கோப்பைகளுக்குள்ளும் போய் விழுந்ததை 1990இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தேனீக்களுக்கு ஏறத்தாழப் புலப்படாத சிவப்பு, இவற்றுக்கு விருந்தழைப்பாக இருக்கிறது!

அமேசான் பேரல்லி இன்னொரு வழியைக் கையாள்கிறது. முதல் மாலையில் அது வெண்ணிறமாக விரிந்து, தன் உடலைச் சூடாக்கிப் பழவாசம் வீசுகிறது. உள்ளே வந்த வண்டுகள் மாவுச்சத்து நிறைந்த பகுதிகளைத் தின்றுகொண்டிருக்கையில் மூடிக்கொள்கிறது. மறுநாள் மாலை மணமின்றி, இளஞ்சிவப்பாகத் திறந்து, மகரந்தம் பூசிய வண்டுகளை வெளியே விடுகிறது.

இவை யாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது, கடுகுக் குடும்பப் பயிர்களின் பகையான மகரந்த வண்டு. மஞ்சள் நிறமும், கடுகின் காரநெடிக்குக் காரணமான ஐசோதயோசயனேட்டுகளும் அதை வயலுக்கு ஈர்க்கின்றன. ஆனால் பசி என்று வந்தால் வேறு பல குடும்பத்துப் பூக்களின் மகரந்தத்தையும் அது தயக்கமின்றித் தின்னும். முட்டையிடும் வேளையில்தான் அதன் கண்டிப்பு தெரிகிறது: விரிந்த பூவை விட்டுவிட்டு, கடுகுக் குடும்பச் செடியொன்றில் 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவுள்ள பச்சை மொட்டைத் தேடி, அதன் அடியில் துளையிட்டு உள்ளே முட்டையை வைக்கிறது.