மகம் பி, ரோகிணி கே, அத்தை எம்

நேற்று ராத்திரி எட்டரைக்குக் கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் வழக்கம்போல எனக்கென்ன என்று இருந்துவிட்டது. பாய், சொம்பு, கொசுவத்தி சகிதம் மொட்டை மாடி. தெருவிளக்கும் இல்லாததால்தான் எங்கள் ஏரியாவிலும் வானம் இருக்கிற சமாச்சாரமே தெரிந்தது. பெரியவனுக்கு அது போதாதா?

"எல்லாம் வெள்ளைப் புள்ளின்னு நினைக்காதீங்க. அந்த மூணு வரிசையா இருக்கு பாருங்க, அதுக்கு இந்தப் பக்கம் சிவப்பா இருக்கறது திருவாதிரை. அந்தப் பக்கம் நீலமா ரைஜல்."

எனக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது. மங்கலான நட்சத்திரத்தில் கண்ணுக்குக் கலர் பிடிபடாதாம், பளிச்சென்று இருப்பதை மட்டும் உற்றுப் பார்க்கணுமாம். பார்த்தேன். அட, ஆமாம்.

நீலம்தான் கொதிக்கிற கொதி, சிவப்பு ஆறினது. ரைஜல் 12,000 கெல்வின், திருவாதிரை 3,500 சொச்சம். "அப்ப கீசர் குழாயில சுடுதண்ணிக்கு ஏன்டா சிவப்பு?" என்றார் நம்மாளு. "அது பிளம்பர் கணக்குப்பா."

ரொம்பச் சூட்டில் ஆரம்பித்து ஆறினது வரைக்கும் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வரிசை. ஹார்வர்டில் ஆனி கேனன் என்று ஓர் அம்மா, காது சரியாகக் கேட்காது, போட்டோ தகடுகளைப் பார்த்தே மூன்றரை லட்சம் நட்சத்திரங்களை ரகம் பிரித்தாராம். இங்கே துவைத்த சாக்ஸை ஜோடி சேர்க்க ஓர் ஆள் கிடையாது.

அப்புறம் ஆரம்பித்தது வினை. நம்மாளு மகம். மகம் பி கிளாஸாம். "மகம் ஜகத்தை ஆளும்னு சும்மாவா சொன்னாங்க!" இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊற்றத் துப்பில்லை, ஜகத்தை ஆளுகிறாராம். நான் ரோகிணி, ஆரஞ்சு, கே. சூரியனே ஜிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"கேட்டை எங்கடா?" என்றார் அத்தை, அதுவரை வாயே திறக்காதவர்.

"அது விடிகாலையிலதான் வரும் பாட்டி. எம் கிளாஸ், கடைசி." அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையன் அவசரமாகச் சேர்த்தான்: "ஆனா சைஸ்! சூரியன் இருக்கற இடத்துல அதை வெச்சா செவ்வாயையே முழுங்கிடும்."

அத்தை எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "செவ்வாயையா? எனக்குச் செவ்வாய் தோஷம்னும் ஒருத்தன் எழுதிக் கொடுத்தானேடா!"

கேட்டைப் பொண்ணு மூத்த மச்சினனுக்கு ஆகாது என்று, அத்தைக்கு வந்த வரனெல்லாம் படியிறங்கிப் போன கதை அது.

விடிகாலை நாலரைக்கு என் காலைச் சுரண்டினார். மறுபடி மாடி. கரண்ட் வந்துவிட்டதால் எதிர்வீட்டு எல்இடி ஃபோகஸ் நேராகக் கண்ணில் அடித்தது. திருடனே கூசி ஓடிப்போவான், அப்படி ஒரு வெளிச்சம். எத்தனை தடவை சொல்லியாச்சு. அத்தை முந்தானையால் அதை மறைத்துக்கொண்டு தென்கிழக்கே பார்த்தார். தேள் மாதிரி தெரிகிற நட்சத்திரக் கூட்டத்தின் நடுவில் சிவப்பாக ஒன்று.

"இதுவா? எவ்வளவு தூரம்?"

"சுமார் 550 ஒளியாண்டாம் அத்தை. வெளிச்சம் இங்க வந்து சேரவே அத்தனை வருஷம்."

"அங்க இருந்துக்கிட்டு இது எவன் அண்ணனைடி என்ன பண்ணப்போகுது?"

கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தார். "நீ போய்ப் பால் வை. எனக்குக் காபியை மேலேயே கொடுத்தனுப்பு. சக்கரை கூடவே போடு."