ஓதம் ஏறும் நேரம்

பினாங்குக்கு வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நாகப்பட்டினத்தில் கடலைப் பார்த்தே வளர்ந்த நான், அலையாத்திக் காடுகளைப் பற்றிய முதுகலை ஆய்வுக்காக இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தபோது, "அங்கேயும் கடல், இங்கேயும் கடல், அவ்வளவு தூரம் போய்ப் படிக்க என்ன இருக்கிறது?" என்று பெரியப்பா கேட்டார். அன்று பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

1969-இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், ஒரு காலத்தில் ஆங்கிலேயப் படை முகாமாக இருந்த மிண்டன் குன்றின் மீது அமைந்திருக்கிறது. முதல் சில வாரங்கள் பதிவு, விசா, அறை என்று ஓடிவிட்டன. அந்த நாள்களில் என்னைத் தேற்றியது, காலையில் உணவுக்கடைக்குப் போனால் "பசியாறியாச்சா?" என்று கேட்கும் தமிழ்தான். ஊரில் "சாப்பிட்டாயா?" என்று கேட்டுப் பழகிய காதுக்கு, பசி ஆறிற்றா என்று விசாரிக்கும் இந்தச் சொல் எவ்வளவு இதமாக இருந்தது என்பதை எழுத்தில் கொண்டுவருவது கடினம்.

நான் அளவெடுக்கும் காடு தீவின் மேற்குப் புறத்தில், பாலிக் பூலாவ் பக்கம் இருக்கிறது. எங்கள் ஊருக்குத் தெற்கே முத்துப்பேட்டையில் வெண்கண்டல் மரங்களே மிகுதி. அவற்றின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில்களைப் போல நிமிர்ந்து நிற்கும். இங்கே மலாய்க்காரர்கள் 'பாக்காவ்' என்று அழைக்கும் சுரபுன்னை, வில்லாக வளைந்த வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கிறது. மற்ற மரங்களின் தண்டுச் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளந்தால் போதும்; சுரபுன்னையையோ மிக உயரத்தில் கிளைக்கும் வேருக்கும் 30 சென்டிமீட்டர் மேலே அளக்க வேண்டும். இதனால் வேர்களின் மீது ஏறி நின்று, ஒரு கையால் தண்டை அணைத்து, மறு கையால் நாடாவைச் சுற்றுவதே எங்கள் அன்றாட வேலை.

இரண்டாவது மாதத்தில், ஓர் அமாவாசை நாளன்று, அந்த வேலையில் மூழ்கியிருந்த நான் காலடியில் நீர் ஊறுவதைக் கவனிக்கவில்லை. நாகையில் ஓதத்தின், அதாவது நாள்தோறும் ஏறி இறங்கும் கடல்நீரின், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வேறுபாடு இராது. மலாக்கா நீரிணைக்குள் அடைபட்டு உயரும் ஓதமோ இங்கே அமாவாசை, பௌர்ணமி நாள்களில் இரண்டு மீட்டரைத் தாண்டும். பாடத்தில் படித்திருந்தும் என் உடம்பு அதை அறிந்திருக்கவில்லை. "தங்கச்சி, தண்ணி ஏறுது, கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம், கெளம்பு" என்று களத் துணையாக வந்த அண்ணன் குரல் கொடுத்தபோது, என் இடது கால் முழங்கால்வரை சேற்றில் புதைந்திருந்தது. அவர் இரண்டு தோள்களையும் பிடித்துத் தூக்கினார். கால் வந்தது, காலணி வரவில்லை. கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, நான் அளந்துகொண்டிருந்த மரத்தின் வேர்களில் பாதி நீருக்குள் போயிருந்தன. அன்று முதல், ஓத அட்டவணையைப் பார்க்காமல் நான் காட்டுக்குள் கால் வைப்பதில்லை.

இந்தத் துறைக்கு நான் வந்ததே 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி வந்த சுனாமியால்தான். அப்போது எனக்கு ஐந்து வயது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. பினாங்கிலும் 50-க்கும் மேற்பட்டோர் அன்று இறந்தார்கள் என்பதை இங்கே வந்த பிறகே அறிந்தேன். அறியாமல் இருந்ததற்காக வெட்கப்பட்டேன். நிலநடுக்கம் நேர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு. ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்த நாகையை அலை 9 மணியை ஒட்டித் தாக்கியது. அதில் மூன்றில் ஒரு பங்கு தொலைவுகூட இல்லாத பினாங்கையோ அது இந்திய நேரம் 10.30-ஐத் தாண்டிய பிறகே, அதாவது இங்கே பிற்பகல் ஒரு மணிக்குப் பின்னரே அடைந்தது. ஆழ்கடலில் அலை விமானத்தின் வேகத்தில் ஓடும். ஆழம் குறையக் குறைய அதன் வேகம் குறையும். சுமத்ராவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு ஆழமற்ற நீரிணைக்குள் நுழைந்ததால் அலை இங்கே தாமதித்தது. எங்கள் ஊரில் பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில், இங்கே ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க வந்த குடும்பங்கள் கடற்கரையில் அமர்ந்திருந்தன. ஒரு செய்தி போதும், அவர்கள் எழுந்து போயிருப்பார்கள். அதைச் சொல்ல அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை; ஹைதராபாத்தில் இந்தியாவின் மையம் 2007-இல்தான் இயங்கத் தொடங்கியது. இதைக் கணக்கிட்டுப் பார்த்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. பெரியப்பாவின் கேள்விக்கு அன்றிரவே தொலைபேசியில் பதில் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில், எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். என் ஊர்ப் பெயரைக் கேட்டதும், "எங்கப்பா நாகப்பட்டினத்திலதாம்மா ரஜூலா ஏறினாரு" என்றார். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் நம் மக்களில் எத்தனை பேரை இந்தக் கரையில் இறக்கிவிட்டது என்பதை, இங்குள்ள முதியவர் எவரிடம் பேசினாலும் உணரலாம். பாட்டி நாகையைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் கப்பல் கரைக்கு வராமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் என்பதும், படகில் போய்த்தான் அதில் ஏற வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும், தகப்பனார் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் விடுமுறையில் ஊருக்குப் போகிறேன். படகு புறப்பட்ட இடத்தைப் படமெடுத்து வரும்படி பாட்டி கேட்டிருக்கிறார். அந்த இடம் எது என்று பெரியப்பாவிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.