பேய் துரத்தும் கணக்கு: கேம் ஏஐ படிக்க வருபவர்களுக்கு

கேம் ஏஐ, அதாவது கேமில் வரும் எதிரிகளை யோசிப்பதுபோல் நடக்கவைக்கும் வேலையை, கற்க வேண்டும் என்றதும் நம் பக்கத்துப் பிள்ளைகள் நேராகப் போய் நிற்பது நியூரல் நெட்வொர்க் கோர்ஸ் வாசலில். வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கமிருந்து என்னிடம் யோசனை கேட்க வருபவர்களில் பலர் ஏற்கனவே எங்கேயோ ஃபீஸ் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள் என்பேன். கேமில் வரும் எதிரி புத்திசாலியாக இருக்க வேண்டியதில்லை, அப்படித் தெரிந்தால் போதும். தோற்றவன் எரிச்சல்படாமல் இன்னொரு ஆட்டம் போட வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பழைய உத்திகளே தாராளம்.

1980-இல் நாம்கோ வெளியிட்ட பாக்-மேன் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேய்கள். சிவப்பு, நீங்கள் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்பு, நீங்கள் பார்க்கும் திசையில் நாலு கட்டம் தள்ளிக் குறிவைக்கும். நீலம், உங்கள் இடத்தையும் சிவப்புப் பேயின் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு, எட்டுக் கட்டத்துக்கு மேல் விலகியிருந்தால் துரத்தும். கிட்டே வந்துவிட்டால் தன் மூலைக்கு ஓடிவிடும். மொத்த மூளையும் இவ்வளவுதான். ஆடுபவருக்கோ நாலும் பேசிவைத்து மடக்குகின்றன என்றே தோன்றும். இடையிடையே எல்லாம் துரத்தலை விட்டுவிட்டு மூலைகளுக்குப் போகும், ஆடுபவர் மூச்சு வாங்க. எனக்கு அந்த இடம்தான் பெரிய பாடமாகப் பட்டது. முதல் வேலையாக இந்த நாலு பேயையும் நீங்களே எழுதிப் பாருங்கள்.

லேப்டாப் பழசா? பரவாயில்லை. கேம் செய்ய உதவும் கோடோ என்ஜின் இலவசம், 2டி கேமுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு கேட்காது. வீட்டில் உட்கார இடமில்லை என்றால் கொளத்தூரில் படிக்கவும் வேலை செய்யவும் இடம் தரும், 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது.

அடுத்தது ஸ்டேட் மெஷின், அதாவது எதிரி ஒரு நேரத்தில் ஒரு நிலையில் மட்டும் இருந்து, விதிப்படி நிலை மாறுவது. ஒரு காவலாளிக்கு ரோந்து, துரத்தல், தேடல் என்று மூன்று நிலை கொடுங்கள். 200 பிக்சலுக்குள் வந்தால் துரத்து, தாண்டினால் ரோந்துக்குப் போ என்று எழுதினால் ஒரு வேடிக்கை நடக்கும். ஆடுபவர் அந்த எல்லையிலேயே நின்றால் காவலாளி ஃபிரேமுக்கு (திரையில் படம் புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறைக்கும்) ஒரு தடவை மனம் மாறி, நின்ற இடத்திலேயே உதறுவான். துரத்தத் தொடங்க 200, கைவிட 300 என்று இரண்டு எல்லை வைத்தால் அடங்கிவிடும். எந்த நிலையில் இருக்கிறான் என்பதை அவன் தலைக்கு மேலேயே எழுத்தாகக் காட்டுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

அப்புறம் வழி தேடல். ஏ-ஸ்டார் முறையை 1968-இல் ஹார்ட், நில்சன், ராஃபேல் மூவரும் வெளியிட்டார்கள். ஷேக்கி என்ற ரோபோவை நகர்த்தும் வேலையில் பிறந்தது அது. இதுவரை வந்த தூரம், இனி போக வேண்டியதாக மதிப்பிடும் தூரம், இரண்டையும் கூட்டி, குறைவாக உள்ள இடத்தை முதலில் ஆராயும். புத்தகத்தில் இருக்கும் கட்டங்களை விட்டுவிட்டு நம் ஏரியா வரைபடத்தில் செய்து பாருங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து வியாசர்பாடி போக வேண்டும். இந்த மதிப்பீடு இல்லாத டைக்ஸ்ட்ரா முறை எல்லாப் பக்கமும் பரவும், காசிமேட்டுக் கடற்கரை வரை தேடிவிட்டு வரும். ஏ-ஸ்டார் மேற்கே சாயும். ஆனால் நடுவே ரயில் பாதையும் பக்கிங்காம் கால்வாயும் குறுக்கே கிடக்கின்றனவே! நேர்க்கோட்டுத் தூரம் "இதோ பக்கம்தான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், தேடலோ தண்டவாளத்தில் முட்டிப் பக்கவாட்டில் பரவிப் பாலத்தையோ சப்வேயையோ தேடும். ஆராய்ந்த இடங்களுக்கெல்லாம் நிறம் பூசினால் இது கண்ணுக்கே தெரியும். ரயில்வே கேட் மூடும் நேரத்துக்கு அந்தத் தெருவின் செலவை ஏற்றிப் பாருங்கள், வழி தானாக மாறும். மதிப்பீடு உண்மைத் தூரத்தைத் தாண்டாதவரை மிகக் குறுகிய வழி உறுதி. தாண்டவிட்டால் அந்த உறுதி போகும், பதிலுக்கு வேகம் கிடைக்கலாம். கேமில் பல சமயம் அந்த பேரம் லாபம்தான்.

எதிரியின் முடிவுகளை மரக்கிளைகள் போல அடுக்கும் பிஹேவியர் ட்ரீ 2004-இல் வந்த ஹேலோ 2-க்குப் பின் பரவலானது. நிலைகள் பெருகி ஸ்டேட் மெஷின் சிக்கலாகும்போது தேவை தானே புரியும், அதுவரை அவசரமில்லை. கூட்டமாகப் பறக்கும் பறவைகளுக்கு கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987-இல் எழுதிய மூன்று விதிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

மினிமேக்ஸ் என்பது எதிராளி தனக்குச் சிறந்ததையே ஆடுவார் என்று வைத்து நம் நகர்வைத் தேர்ந்தெடுக்கும் முறை. அதைக் கற்க எல்லோரும் டிக்-டாக்-டோ போடுவார்கள். எனக்கு அதில் ருசியில்லை. ஆடு புலி ஆட்டம் எழுதுங்கள். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. முதலில் ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும், பிறகுதான் நகர்த்தலாம். இரண்டு பக்கத்துக்கும் நோக்கம் வேறு என்பதால் "இந்த நிலை எனக்கு எவ்வளவு நல்லது" என்று மதிப்பிடும் ஃபங்ஷனை நீங்களே யோசித்துத்தான் எழுத வேண்டும். நான் எழுதியதை எதிர்வீட்டு ஆயாவிடம் கொடுத்தேன். அவர் வாசலில் சாக்பீஸால் கோடு கிழித்து ஆடியவர். கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, "இன்னாடா இது, ஆடெல்லாம் ஓரமாவே போயி ஒட்டிக்கினு கீது? புலிய மடக்கவே வர்ல" என்றார். ஆடு இழப்பை மட்டும் எண்ணும் மதிப்பீடு அப்படித்தான் ஆடும். புலிக்கு மிச்சமிருக்கும் நகர்வுகள் எத்தனை என்பதையும் சேர்த்ததும் ஆடுகள் நடுவே இறங்கி நெருக்கத் தொடங்கின. முடிவை மாற்றாத நகர்வுகளை ஆராயாமலே விடும் ஆல்ஃபா-பீட்டா வெட்டலைச் சேர்த்தால் அதே நேரத்தில் இன்னும் ஆழமாகத் தேடலாம். எதிராளி குழந்தை என்றால் ஆழத்தைக் குறைப்பதைவிட, சிறந்த நகர்வுக்குக் கிட்டத்தட்டச் சமமான இரண்டு மூன்றில் ஒன்றைக் குலுக்கி எடுப்பது இயல்பாக இருக்கும்.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்குக்கு, அதாவது சரியாகச் செய்தால் பரிசுப் புள்ளி கொடுத்துப் பழக்கும் முறைக்குப் போங்கள். யூனிட்டி என்ற கேம் என்ஜினில் அதற்கு எம்எல்-ஏஜென்ட்ஸ் என்ற கருவி இருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு நேரம் பிடிக்கும், மே மாதத்து ஷீட் கூரை வீட்டில் லேப்டாப் படும் பாட்டைச் சொல்ல வேண்டாம். பழகி முடித்த எதிரியிடம் "இந்த அறையில் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சுடு" என்று சொல்வதும் சுலபமில்லை. ஸ்டேட் மெஷினில் அது ஒரு வரி.

இன்டர்வியூவில் என்னிடம் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்கிறேன்: நூறு எதிரிகள் ஒரே நேரத்தில் வழி தேடினால் என்ன செய்வீர்கள்? நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு சுமார் 16.7 மில்லி செகண்ட். படம் வரைவது, மோதல் கணக்கு எல்லாம் போக ஏஐக்கு மிஞ்சுவது சொற்பம். எனவே எல்லோரையும் ஒரே ஃபிரேமில் தேடவிடாமல், சில பேராகப் பிரித்து அடுத்தடுத்த ஃபிரேம்களுக்குத் தள்ளலாம். எல்லோரும் போவது ஒரே இடத்துக்கு என்றால், அந்த இடத்திலிருந்து பின்னோக்கி ஒரே தடவை தூரம் கணக்கிட்டு வைத்தால் நூறு பேருக்கும் அதுவே போதும். இரண்டையும் உங்கள் டெமோவில் செய்து, ஃபிரேம் நேரம் திரையின் மூலையில் ஓடும்படி வைத்துக்கொண்டு போங்கள்.