மூன்று மரங்களும் ஒரு தட்டை நாடும்

நெதர்லாந்துக்கு வந்த புதிதில் எனக்குக் குளிர்கூடப் பழகிவிட்டது, நிலம்தான் பழகவில்லை. மலை கிடையாது, குன்று கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கால்வாய், புல்வெளி, அதற்கு மேல் முழுக்க மேகம். நாட்டின் கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கண் எதில் நிற்பது?

அதைச் சொல்லிக்கொடுத்தவர் பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட். ஆம்ஸ்டர்டாமில் அவர் 1639-ல் வாங்கி, கடன் முற்றி 1658-ல் விட்டுப்போன வீடு இன்று அருங்காட்சியகம். அங்கேதான் 1643-ல் அவர் செய்த 'மூன்று மரங்கள்' என்ற எட்சிங்கை, அதாவது செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட படத்தைப் பார்த்தேன்.

அகலம் 28 சென்டிமீட்டர்கூட வராது. குனிந்து, கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும். வலப்பக்க மேட்டில் மூன்று மரங்கள் கறுத்து நிற்கின்றன. இடப்பக்க மூலையில் சாய்ந்து இறங்கும் மழை, நீளமான நேர்கோடுகளாக. கீழே தண்ணீரோரம் ஒருவர் தூண்டில் போட்டிருக்கிறார், பக்கத்தில் ஒரு பெண். தூரத்தில் நகரம். வலது மூலைப் புதரின் இருட்டுக்குள் காதலர் இருவர். யாராவது காட்டினால்தான் தெரியும். மேட்டின் மேல் ஒரு ஓவியர் தன்பாட்டுக்கு வரைந்துகொண்டிருக்கிறார்.

எட்சிங் செய்யும் விதத்தை அதே வீட்டில் செய்து காட்டுகிறார்கள். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுகிறார்கள். மெழுகு போன இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அப்புறம் மை தேய்த்துத் துடைத்து, ஈரக் காகிதம் வைத்து உருளையில் அழுத்தினால் படம் இடவலம் மாறி வருகிறது. இந்தத் தகட்டில் ரெம்ப்ராண்ட் அதோடு விடவில்லை, செம்பையே நேரடியாகவும் கீறியிருக்கிறார். அப்படிக் கீறும்போது எழும் பிசிறில் மை தங்கினால் வெல்வெட் போன்ற கருமை கிடைக்கும். அச்சிட அச்சிடப் பிசிறு தேய்ந்துவிடும், அதனால் முதலில் எடுத்த பிரதிகளுக்குத் தனி மதிப்பு.

என்னைப் பிடித்து நிறுத்தியது மரங்களுக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சம். அங்கே கோடே இல்லை, வெறும் காகிதம்தான். இந்த ஊரில் நான் வெறுமை என்று நினைத்ததை அவர் தொடாமல் விட்டுவைத்து ஒளியாக்கியிருக்கிறார். இப்போது சைக்கிளில் போகும்போது நான் முதலில் பார்ப்பது வானத்தைத்தான். எந்த மேகம் விலகுகிறது, எந்த மர வரிசை கறுக்கிறது, தண்ணீர் எங்கே வெளுக்கிறது என்று.

ஒன்று மட்டும் சொல்கிறேன். காகிதம் வெளிச்சம் தாங்காது என்பதால் எட்சிங்குகளை மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். கேட்டுவிட்டுப் போங்கள். பார்த்து முடித்ததும் ஆம்ஸ்டல் ஆற்றங்கரையோரம் ஊருக்கு வெளியே நடங்கள். அவர் நடந்து நடந்து வரைந்த கரை அது.