என் ஓட்டு கேப்டன் லட்சுமிக்கு

"2002, அப்துல் கலாம்..."

வினாடி வினாவுக்காகக் குடியரசுத் தலைவர்கள் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்பா, இவரை எதிர்த்து யாராவது நின்னாங்களா?"

நின்றார். கேப்டன் லட்சுமி சேகல்.

1914-இல் சென்னையில் பிறந்தவர். இங்கேயே மருத்துவம் படித்தவர். 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணி என்ற பெண்கள் படைக்குத் தலைமை ஏற்றவர். அந்தப் படையில் துப்பாக்கி ஏந்தியவர்களில் பலர் மலேயா ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்ப் பெண்கள். இதை மகளிடம் இரண்டு முறை சொன்னேன்.

ஆனால் எனக்கு அவருடைய பிற்கால வாழ்க்கைதான் பெரிது. கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம். 1971-இல் வங்கதேச அகதிகளுக்கு சிகிச்சை. 1984-இல் போபால் விஷவாயுவால் பாதிக்கப்பட்டவர்களுக்கு சிகிச்சை.

கலாமை எனக்கும் மிகவும் பிடிக்கும். லட்சுமியை நிறுத்தியதோ இடதுசாரிகள் மட்டும். முடிவு முன்பே தெரிந்த போட்டி. அப்போது அவருக்கு வயது 87.

குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.பி.க்களுக்கும் எம்.எல்.ஏ.க்களுக்கும்தான் ஓட்டு. எனக்கும் ஒன்று இருந்திருந்தால் அவருக்கே போட்டிருப்பேன். அத்தனை வருஷம் ஏழைகளின் நாடி பிடித்துப் பார்த்த கை, அந்த மாளிகையில் கோப்புகளில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன்.

"தோத்த பிறகு என்ன பண்ணாங்க?"

கான்பூரில் மறுபடி நோயாளிகளைப் பார்த்தார். 2006-லும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் பென்சிலை எடுத்து, கலாம் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதிக்கொண்டாள்.