கப்பல் முறையில் ஒரு சாவிக் கடிகாரம்

கையில் இருப்பது பழைய 17 ஜூவல் (உரசும் இடங்களில் 17 சிறு கற்கள் வைத்த) சாவிக் கைக்கடிகாரம். கப்பல் க்ரோனோமீட்டரை, அதாவது கிழக்கு மேற்கில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்கிட உதவிய துல்லியக் கடிகாரத்தை, பார்த்துக்கொண்ட மாதிரி இதையும் வைத்துப் பார்க்கிறேன்: தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுப்பது, முள்ளைத் தொடாமல் விடுவது. கடலில் போகும்போது கடிகாரம் தவறாகக் காட்டினாலும் திருத்த மாட்டார்கள். நாளுக்கு எத்தனை நொடி முந்தும் என்று தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம். அந்த எண் மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 4 நொடி பிசகினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல் தள்ளிப் போய்விடும்.

சாவியை இழுத்தாலும் இதில் நொடி முள் நிற்காது. அதனால் லேப்டாப்பில் இணைய நேரத்தை ஓடவிட்டு, பக்கத்தில் கடிகாரத்தை வைத்து வீடியோ எடுத்து, முள் 12-ஐத் தொடும் இடத்தில் நிறுத்திப் பார்க்கிறேன்.

டயல் மேலே பார்க்க மேஜையில் கிடந்தால் நாளுக்கு 7 அல்லது 8 நொடி முந்துகிறது. சாவி கீழே வர நிமிர்த்தி வைத்தால் 11 நொடி பிந்துகிறது! கிடையாக இருக்கையில் பேலன்ஸ் சக்கரம் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) அச்சு நுனியில் சுழல்கிறது. நிமிர்த்தினால் அச்சின் பக்கவாட்டு உரசி வீச்சு குறைகிறது. சக்கரத்தின் ஒரு பக்கம் துளி எடை கூடியிருந்தாலும் அப்போதுதான் வெளியே தெரியும். கப்பலில் பெட்டிக்குள் வளையங்களில் தொங்கவிட்டு எப்போதும் கிடையாகவே வைத்ததற்குக் காரணம் இதுதான். கட்டிக்கொண்டு வெளியே போன நாட்களின் எண்களை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இதையெல்லாம் அளந்த பிறகு க்ரோனோமீட்டர் செய்த ஆங்கிலேயர் ஜான் அர்னால்டு மேல் தனி மரியாதை. 1736-இல் கார்ன்வாலில் பிறந்தவர். 1764-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு மோதிரத்துக்குள் மணியடிக்கும் கடிகாரம் செய்து கொடுத்தார். ஆனால் 1772-இல் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் போன அவருடைய மூன்று கடிகாரங்களும் சோபிக்கவில்லை. கடல் கடிகாரத்தின் முன்னோடி ஜான் ஹாரிசனின் கடிகாரத்தைப் பார்த்து கெண்டல் என்ற கடிகாரக்காரர் செய்ததுதான் பேர் வாங்கியது. வேறு ஆளாக இருந்தால் மோதிரத்தோடு நின்றிருப்பார். இவர் 1775-இல் பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் வில்லில் தட்டைச் சுருளை விட்டுவிட்டு, பேனா ஸ்பிரிங் போன்ற உருளை வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். 1779-இல் கிரீனிச் வானாய்வகத்தில் சோதனைக்குக் கொடுத்த 36-ஆம் எண் வெறும் பாக்கெட் கடிகாரம். 13 மாதத்தில் மொத்தப் பிசகு சுமார் இரண்டரை நிமிடம். என்னுடையது மேஜையில் சும்மா கிடந்தே மூன்று வாரத்தில் அதை எட்டிவிடும்.

அடுத்து வெப்பம். அர்னால்டு காலத்து எஃகு வில் சூட்டில் தளர்ந்து பிந்தும். அதை ஈடுகட்ட பித்தளையும் எஃகும் சேர்ந்த பேலன்ஸ் வைத்தார். இதில் உலோகக்கலவை வில் என்பதால் பெரிய வித்தியாசம் வராது என்று நினைக்கிறேன். ஏ.சி. அறையிலும் மாடி அறையிலும் மாற்றி வைத்துப் பார்க்கப் போகிறேன். டிவி ஸ்பீக்கர் பக்கம் மட்டும் கொண்டுபோக மாட்டேன், காந்தம் ஏறினால் எல்லாக் கணக்கும் பாழ்.